துணைக்கு ஆர் நிற்பது? வன்னியில் டூலா வேலைக்கு வருகிறவர்களுக்கு

எங்கள் ஊர்களில் ஒரு பெண்ணுக்கு நாள் நெருங்கினால் வீட்டில் எழும் முதல் கேள்வி, "துணைக்கு ஆர் நிக்கிறது?" என்பதுதான். தாய் இருந்தால் தாய். இல்லாவிட்டால் மாமி, பெரியம்மா, கலியாணம் முடித்த அக்கா. வன்னியில் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாத வீடுகள் நிறைய இருக்கின்றன. தாய் 2009 போரில் போய்விட்டார். அக்கா வெளிநாட்டில். கணவன் கொழும்பில் கட்டட வேலையில். மாமிக்கு முழங்கால் ஏலாது. அந்த வெற்றிடத்தில் போய் நிற்பதுதான் டூலா வேலை. நான் முல்லைத்தீவுப் பக்கம் சில வருடங்களாக இதைச் செய்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு ஒவ்வொருவராகச் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

டூலா என்பது கிரேக்கச் சொல். பணிப்பெண் என்று பொருள். பிள்ளை பெற்ற தாயைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளும் பெண்ணைக் குறிக்க, டானா ரஃபேல் என்ற மானிடவியலாளர் இதைப் பயன்படுத்தினார். பிறகு ஜோன் கெனல், மார்ஷல் கிளவுஸ் என்ற இரண்டு மருத்துவர்களும் அவர்களோடு வேலை செய்தவர்களும் குவாத்தமாலாவில் ஓர் ஆய்வு செய்து 1980இல் வெளியிட்டார்கள். பிரசவ வலியில் இருந்த பெண்களுக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணை இருத்தினார்கள். அவள் மருத்துவம் படித்தவள் இல்லை, அந்தத் தாய்க்கு முன்பின் தெரிந்தவளும் இல்லை. கையைப் பிடித்தாள், முதுகைத் தடவினாள், கதைத்தாள். அவ்வளவுக்கே வலி நேரம் குறைந்தது. 2017இல் வேறு ஆய்வாளர்கள் 17 நாடுகளின் 26 ஆய்வுகளை, 15,000க்கு மேற்பட்ட பெண்களின் தகவலோடு, சேர்த்துப் பார்த்தார்கள். பக்கத்தில் தொடர்ந்து ஆள் இருந்த பெண்களுக்குச் சராசரியாக வலி நேரம் 40 நிமிடம் குறைவு, சிசேரியனும் குறைவு, பிரசவத்தைப் பற்றிய கசப்பான நினைவும் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2018இல், ஒவ்வொரு தாய்க்கும் அவள் விரும்பிய ஒருவர் பிரசவம் முழுக்கக் கூட இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. "கையைப் பிடிக்கிறதுக்கும் ஒரு ஆள் வேணுமோ?" என்று உங்களிடம் கேட்பார்கள். அப்போது சொல்வதற்கு இது உதவும்.

கை எதுவரை போகலாம்

வேலையைத் தொடங்குமுன் இதை மனதில் இறுக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் மருத்துவிச்சி இல்லை. வயிற்றை அமர்த்திப் பார்க்கக் கூடாது, உள்ளே கை வைத்துப் பார்க்கக் கூடாது, மருந்து, கசாயம் எதுவும் உங்கள் கையால் கொடுக்கக் கூடாது, "இன்னும் நேரம் கிடக்கு" என்று வீட்டில் மறித்து வைக்கக் கூடாது. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் பங்கருக்குள்ளும் மரத்தடியிலும் பிள்ளை பிறந்தது. அன்று மருத்துவிச்சிகள் செய்த வேலைக்கு நாங்கள் என்றைக்கும் கடன்பட்டவர்கள். ஆனால் இன்று இலங்கையில் நூறு பிரசவத்தில் 99க்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. அது அப்படியே இருக்க வேண்டும். இரத்தம் போகத் தொடங்கினால் கையைப் பிடிப்பதால் ஓர் உயிரும் தப்பாது.

எங்கள் ஆட்களுக்குப் புத்தி சொல்வது சுகம், பேசாமல் இருப்பதுதான் கஷ்டம். இந்த வேலையில் முக்கால்வாசி அந்தக் கஷ்டத்தைப் பழகுவதுதான். எழுந்து போகாமல் இருக்கப் பழகுங்கள். மற்றதெல்லாம் அதற்கு மேல் வரும்.

முதலில் மிட்வைஃபிடம் போங்கள்

வேலை தொடங்குகிற இடம் தாயின் வீடு என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அதற்கு முதலே உங்கள் பிரிவின் குடும்பநல உத்தியோகத்தரைப் போய்ச் சந்தியுங்கள். ஊரில் மிட்வைஃப் என்று சொல்கிற அதே ஆள்தான். ஒவ்வொரு கர்ப்பிணியின் வீடும் அவருக்குத் தெரியும், எந்த வீட்டில் என்ன சிக்கல் என்றும் தெரியும். "அக்கா, நான் மருத்துவம் ஒன்றும் செய்யமாட்டேன், துணைக்கு மட்டும் நிற்பேன், ஏதும் பிழையாகத் தெரிந்தால் முதலில் உங்களுக்குத்தான் அழைப்பேன்" என்று நேரே சொல்லுங்கள். அவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வராவிட்டால் இந்த வேலை நடக்காது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் ஒருமுறை முகத்தைக் காட்டிவிட்டு வாருங்கள்.

அப்புறம் ஆஸ்பத்திரி. பிரசவ அறைக்குள் துணையை விடுவது இடத்துக்கு இடம் வேறுபடும். சில இடங்களில் ஒரு பெண்ணை மட்டும் விடுவார்கள். சில இடங்களில் கட்டில்களுக்கு நடுவில் திரை போதாது என்று மறுப்பார்கள். வலி வந்த இரவில் வாசலில் நின்று வாதாடுவதால் பயனில்லை. எட்டாம் மாதத்திலேயே தாயோடு கிளினிக்குக்குப் போய், வாட்டுக்குப் பொறுப்பான தாதியிடம் கேட்டு வையுங்கள். உள்ளே விடமாட்டார்கள் என்றால் அதையும் தாய்க்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். என்னுடைய முதல் வருடத்தில் நான் இதைச் செய்யவில்லை. ஒரு பிள்ளையிடம் "நான் கடைசிவரை பக்கத்தில நிப்பன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு, கதவுக்கு வெளியே விடியும்வரை நின்றேன். அவள் என்னைக் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் ஆறவில்லை. அதிலிருந்து என் கையில் இல்லாத எதற்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

காசு விஷயத்தையும் முதல் நாளே பேசிவிடுங்கள். பஸ் காசும் ஓட்டோக் காசும் ஆர் கொடுப்பது, இரவில் அழைத்தால் எப்படி வருவது. பிள்ளை பிறக்கும்வரை நான் அன்பளிப்பு எதையும் வாங்குவதில்லை. வாங்கிவிட்டால், ஏதும் நடந்தபின் அந்த வீட்டுக்குள் கால் வைக்க என்னால் முடியாது.

வீட்டுக்கு முதல் வருகை

பிரசவத்துக்கு முன் இரண்டு மூன்று தடவையாவது போங்கள். முதல் நாள் கொப்பியும் பேனையும் வேண்டாம். தேத்தண்ணி தருவார்கள், குடியுங்கள். வீட்டில் ஆர் பேசுகிறார், ஆர் பேசாமல் இருக்கிறார் என்று பாருங்கள். மாமி எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னால், "பிள்ளை, கிணத்தடியைக் காட்டும்" என்று தாயை வெளியே கூட்டிப்போய்க் கதையுங்கள். பயமான விஷயம் என்ன, ஆர் பக்கத்தில் இருக்க வேண்டும், ஆர் இருக்கக் கூடாது என்பதை அவள் வாயால் கேட்க வேண்டும். அடி, உதை என்று ஏதும் தெரிந்தால் மிட்வைஃபிடம் சொல்ல அவளுடைய சம்மதத்தைக் கேளுங்கள். பெண்களுக்கான உதவி எண் 1938ஐ அவளுக்குச் சொல்லி வையுங்கள்.

வன்னிக்கே உரிய ஒரு கேள்வியும் இருக்கிறது. உடம்பில் துப்பாக்கிச் சன்னமோ செல் துண்டோ இருக்கிறதா? 2009இல் பத்து வயதுப் பிள்ளைகளாக இருந்தவர்கள்தான் இப்போது பிள்ளை பெறுகிறார்கள். பழைய காயம் பழகிப்போனதால் பலர் கிளினிக்கில் அதைச் சொல்வதில்லை. முதுகுத்தண்டுக்குக் கிட்டவோ இடுப்பிலோ துண்டு இருந்தால், முதுகில் ஊசி போட்டு விறைக்கச் செய்வதற்கு முன் வைத்தியருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். கிளினிக் அட்டையில் எழுதுவிக்கச் சொல்லுங்கள்.

மனதில் உள்ளது வேறு. மல்லாக்கப் படுக்கச் சொன்னால் சிலருக்கு உடம்பு நடுங்கும். சிலருக்கு இரும்புத் தட்டு விழுகிற சத்தம் போதும். "அப்ப என்ன நடந்தது?" என்று நீங்கள் தோண்டிக் கேட்கக் கூடாது. "வாட்டில எது உமக்குப் பயமா இருக்கும்?" என்று கேட்டால் போதும், அவள் சொல்ல நினைத்ததைச் சொல்வாள். சொன்னதை அவள் சம்மதத்தோடு தாதியிடம் சொல்லி வைக்கலாம்: தொடமுன் சொல்லிவிட்டுத் தொடுங்கள், சரிந்து படுக்க விடுங்கள். கேட்டால் பெரும்பாலும் செய்வார்கள்.

வழி

ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது என்பதை ஏழாம் மாதத்திலேயே முடிவு செய்யுங்கள். 1990 அம்புலன்ஸ் இலவசம், இரவும் பகலும் வரும். ஆனால் நெடுங்கேணிக்கு உள்ளே, ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, துணுக்காய்ப் பக்கத்துக் காட்டோரக் கிராமங்களுக்கு வந்து சேர நேரம் எடுக்கலாம். இரவில் யானை நிற்கிற ரோட்டு என்றால் ஓட்டோக்காரர் தயங்குவார். அதனால் இரண்டாவதாக ஒரு வாகனத்தையும் பேசி வையுங்கள், ஓட்டுகிறவரின் எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். முதல் பிள்ளைக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குத்து வரும்போது வெளிக்கிடலாம் என்று புத்தகம் சொல்லும். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணித்தியாலம் என்றால் அந்தக் கணக்கு சரிவராது. குத்து ஒழுங்காக வரத் தொடங்கியதும் வெளிக்கிடுங்கள். இரண்டாம் மூன்றாம் பிள்ளை என்றால் இன்னும் முதலே.

கார்த்திகை மார்கழியில் நாள் வருகிறவர்களுக்கு நான் இன்னொன்று சொல்வேன். 2018 மார்கழியில் இரணைமடு வான்கதவுகளைத் திறந்தபோது கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் எத்தனை பாதை தண்ணீருக்குள் போனது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். மாரியில் நாள் என்றால் கடைசி இரண்டு கிழமையும் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட உள்ள சொந்தக்காரர் வீட்டில் போய் இருக்கட்டும். அப்படி ஒருவரும் இல்லை என்றால் மிட்வைஃபிடம் சொல்லி வாட்டில் முன்கூட்டியே சேர்ப்பது பற்றிக் கேளுங்கள்.

பையில் வைப்பதை எல்லோரும் பட்டியல் போடுவார்கள், அதனால் நான் போடவில்லை. மூன்றை மட்டும் மறக்காதீர்கள்: கிளினிக் அட்டை, அடையாள அட்டை, சுடுதண்ணீர்ப் பிளாஸ்க்.

இனி வரும் குறிகளில் ஒன்று கண்டாலும் குத்து வருகிறதா என்று பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது, உடனே போக வேண்டும். இரத்தம் போவது, பன்னீர்க்குடம் உடைவது, பிள்ளையின் துடிப்புக் குறைவது, தாங்க முடியாத தலையிடி, கண் மங்கல், முகம் வீங்குவது, வலிப்பு, காய்ச்சல்.

வழியிலேயே பிள்ளை வந்துவிட்டால்? 1990ஐ அழைத்து அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். தலையை இழுக்காதீர்கள், அது தானாக வரும், கையை ஏந்தினால் போதும். பிள்ளையைத் துணியால் நன்றாகத் துடைத்துத் தாயின் நெஞ்சில் தோலோடு தோலாக வைத்து இரண்டு பேரையும் மூடுங்கள். கொடியை வெட்ட வேண்டாம். நச்சுக்கொடியை இழுக்க வேண்டாம். அது தானாக வந்தால் ஒரு பையில் போட்டுப் பிள்ளையோடு சேர்த்துக் கொண்டுபோங்கள். நேரே ஆஸ்பத்திரி.

குத்து நேரத்தில்

முதல் சில மணித்தியாலங்களில் உங்களுக்கு வேலை குறைவு. நடக்க விடுங்கள், கதையுங்கள், அவள் நித்திரை கொண்டால் எழுப்பாதீர்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க நினைவூட்டுங்கள். வாட்டில் விட்டால் தண்ணீர், பிளேன்ரீ, கஞ்சி என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். குடிக்கக் கூடாது என்று தாதி சொன்னால் ஒரு மிடறும் கொடுக்கக் கூடாது.

குத்து இறுகும்போது உங்கள் கைக்கு வேலை வரும். இடுப்புக்குக் கீழே, முதுகின் அடிப்பகுதியில் உள்ள தட்டையான எலும்பில் உள்ளங்கையை வைத்து, குத்து ஏறும்போது நிலையாக அமர்த்துங்கள், இறங்கும்போது விடுங்கள். எவ்வளவு பலமாக என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். முதுகில் மட்டும் வலி என்கிற பெண்களுக்கு இது பெரிய ஆறுதல். இரண்டு இடுப்பெலும்பையும் பக்கவாட்டில் இரு கையாலும் சேர்த்து அமர்த்துவதும் உதவும். கதிரையில் முன்னால் சாய்ந்து இருக்கலாம், கட்டில் விளிம்பைப் பிடித்து நின்று அசையலாம், இடப்பக்கம் சரிந்து படுக்கலாம். ஒரே நிலையில் அரை மணித்தியாலத்துக்கு மேல் விடாமல் மாற்றிக்கொண்டிருங்கள்.

மூச்சுக்குப் பெரிய பாடம் ஒன்றும் வேண்டாம். உள்ளே எடுப்பதை விட வெளியே விடுவது நீளமாக இருந்தால் சரி. அவளோடு சேர்ந்து நீங்களும் விடுங்கள். உங்கள் மூச்சு ஆறுதலாக இருந்தால் அவளுடையதும் வந்து சேரும். கத்தினால் கத்தட்டும். "சத்தம் போடாதை, பக்கத்துக் கட்டில்காரி பேசாமல் கிடக்கிறாள் பார்" என்று ஒரு துணை சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு வசனத்தைச் சொல்லாமல் இருப்பதற்காகவாவது டூலா வேண்டும்.

ஒரு கட்டத்தில், "என்னால ஏலாது, வெட்டி எடுக்கச் சொல்லுங்கோ, வீட்டை போறன்" என்பாள். உடம்பு நடுங்கும், சத்தி வரும். அநேகமாகப் பிள்ளை கிட்ட வந்துவிட்டது. புதிதாக வந்தவர்கள் அந்த நேரத்தில்தான் பயந்து அறையை விட்டு வெளியே ஓடுவார்கள். ஓடாதீர்கள். முகத்துக்கு நேரே வந்து, கண்ணைப் பார்த்து, ஒரு குத்துக்கு மட்டும் பேசுங்கள்: "இது ஒண்டு. இது போகட்டும். நான் இஞ்சதான் நிக்கிறன்." தாதியையும் கூப்பிடுங்கள். வலிக்கு மருந்து கேட்டால் அது அவளுடைய உரிமை, "தாங்கிக்கொள்" என்று மறிக்க உங்களுக்கு உரிமை இல்லை.

வைத்தியர் சிங்களம் மட்டும் பேசுபவராக இருக்கலாம். அரைகுறையாகத் தெரிந்த சிங்களத்தில் நீங்கள் மொழிபெயர்க்க வேண்டாம். தமிழ் தெரிந்த தாதியைக் கூப்பிட்டு, "என்ன செய்யப் போகிறார்கள், ஏன், கொஞ்சம் பொறுக்கலாமா என்று தாய் கேட்கிறா" என்று சொல்லுங்கள். கேள்வி எப்போதும் தாயுடையதாக இருக்கட்டும். நீங்கள் வைத்தியரோடு வாதாடினால் உங்களை வெளியே அனுப்புவார்கள், அவள் தனியே கிடப்பாள்.

சத்திரசிகிச்சை என்று முடிவானால் தியேட்டருக்குள் உங்களை விடமாட்டார்கள். கொண்டுபோகும் வழியில், உள்ளே என்ன நடக்கும் என்று இரண்டு வசனத்தில் சொல்லிவிடுங்கள். வெளியே வந்ததும் பிள்ளையைத் தாயின் நெஞ்சில் வைத்து முதல் மணித்தியாலத்துக்குள் பால் கொடுக்கத் தாதியிடம் உதவி கேளுங்கள். சிசேரியன் பெற்றவள் தோற்றவள் இல்லை. ஊர் வேறு மாதிரிக் கதைக்கும், அதனால் நீங்கள் இதை வாய்விட்டே சொல்ல வேண்டும்.

பச்சை உடம்பு

துடக்குக் கழிக்கும் 31ஆம் நாள் வரை வீடு நிறைய ஆட்கள் வருவார்கள். எல்லோரும் பிள்ளையைத் தூக்குவார்கள், தாயை ஆரும் பார்க்கமாட்டார்கள். நீங்கள் போனால் பிள்ளையிடம் கடைசியாகப் போங்கள். முதலில் தாய் சாப்பிட்டாளா, எப்போது நித்திரை கொண்டாள், எவ்வளவு இரத்தம் போகிறது என்று கேளுங்கள். உடுப்பைத் தோயுங்கள், சட்டி பானையைக் கழுவுங்கள், மூத்த பிள்ளையை முன்பள்ளிக்குக் கூட்டிப்போங்கள். இதுவும் டூலா வேலைதான். என்னைக் கேட்டால் பாதி வேலை இதுதான்.

பத்தியத்தை எதிர்த்துப் போய் நிற்காதீர்கள். சரக்கு அரைத்த கறி, சுறாப்புட்டு, முருங்கையிலை, நொச்சியிலையும் பாவட்டையிலையும் அவித்து வார்க்கிற தண்ணீர் எல்லாவற்றிலும் அன்பு இருக்கிறது, சத்தும் இருக்கிறது. மறிக்க வேண்டியது சிலதுதான். தண்ணீர் கூடக் குடித்தால் வயிறு வைக்கும் என்று தாகத்தோடு இருத்துவது. பிள்ளைக்குச் சீனித்தண்ணியும் தேனும் நாக்கில் தடவுவது. முதல் பாலைப் பீய்ச்சி ஊற்றுவது. தணல் சட்டிப் புகைக்குள் பிள்ளையை வைப்பது. மாமியிடம் இப்படிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன்: "மாமி, உங்கட பத்தியக் கறியாலதான் பிள்ளைக்குப் பால் ஊறுது. அதோட தண்ணியும் குடுத்தால் இன்னும் ஊறும். தேன் மட்டும் ஒரு வயசு மட்டும் வேண்டாமெண்டு மிட்வைஃப் சொன்னவ." சண்டை வந்ததில்லை.

முதல் பத்து நாளுக்குள் மிட்வைஃப் இரண்டு தடவையாவது வீட்டுக்கு வர வேண்டும். வராவிட்டால் அழைத்துச் சொல்லுங்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு துணி முழுக்க நனைகிற இரத்தப்போக்கு, பெரிய கட்டிகள், நாற்றம், காய்ச்சல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் நோவும், மூச்சு முட்டல், கண் மங்கலோடு தலையிடி இருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பிள்ளை பால் குடிக்க மறுத்தாலும், உடம்பு சுட்டாலும் குளிர்ந்தாலும், மூச்சு வேகமாக இருந்தாலும், உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாக இருந்தாலும், தொப்புளைச் சுற்றிச் சிவந்தாலும் அப்படியே. மஞ்சளுக்குக் காலை வெயிலில் பிடித்தால் போதும் என்று காத்திருக்காதீர்கள்.

மனதைப் பற்றி. முதல் இரண்டு கிழமைக்குள் காரணமில்லாமல் அழுவது பலருக்கும் வரும், போய்விடும். அதற்குப் பிறகும் இருந்தால், பிள்ளையைப் பார்க்க மனமில்லை, நித்திரை இல்லை, தான் ஒன்றுக்கும் உதவாதவள் என்று சொன்னால், மிட்வைஃபிடம் சொல்லுங்கள். கிளினிக்கில் எடின்பரோ அளவீடு என்று பத்துக் கேள்விகள் கேட்பார்கள். பத்தாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்தும் எண்ணம் பற்றியது. அதற்கு உண்மையைச் சொன்னால் பிள்ளையைப் பறித்துவிடுவார்கள் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை நீங்கள் முன்கூட்டியே எடுத்துவிடலாம். மனநல உதவி எண் 1926 இரவும் பகலும் உண்டு.

பழைய ஆட்கள் கொத்தி என்ற பேய் பிடித்தது என்பார்கள். பிள்ளை பெற்ற சில நாளில் ஒருத்தி நித்திரையே இல்லாமல், இல்லாத குரல் கேட்டு, வீட்டாரைச் சந்தேகப்பட்டு, மாறி மாறிக் கதைத்தால் அது கடுமையான நோய், சுகமாக்கக்கூடிய நோய், அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டிய நோய். நூல் கட்ட வேண்டும் என்றால் போகிற வழியில் கட்டட்டும். தாயையும் பிள்ளையையும் தனியே விடாதீர்கள்.

பிள்ளை தங்காவிட்டால்

இதைச் சொல்லித்தர ஆட்கள் குறைவு, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

பத்தாம் கிழமையில் அழிந்தாலும், நாள் முடிந்து உயிரில்லாமல் பிறந்தாலும், பிறந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாலும் அவள் தாய்தான். "இன்னொண்டு பெறலாம்", "தெய்வம் தந்தது, எடுத்தது", "கையில எடுக்க முதல் போனது நல்லதுக்குத்தான்" என்று வருகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். நீங்கள் அதில் ஒன்றும் சொல்லாதீர்கள். "எனக்குச் சரியான கவலையாக் கிடக்கு, நான் பக்கத்தில இருக்கிறன்" என்றால் போதும். பிறகு பேசாமல் இருங்கள்.

ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியவை உண்டு. பிள்ளைகள் அழுகிற வாட்டில் அவளைக் கிடத்தியிருந்தால், வேறு கட்டில் தர முடியுமா என்று தாதியிடம் கேளுங்கள். இடமில்லை என்றாலும் ஓரக் கட்டிலும் ஒரு திரையும் கேட்கலாம். பிள்ளையைப் பார்க்க விருப்பமா, தூக்க விருப்பமா என்று கேளுங்கள். ஒருமுறை வேண்டாம் என்றால் சிறிது நேரம் கழித்து இன்னொருமுறை கேளுங்கள், வற்புறுத்தாதீர்கள். "பார்த்தால் தாங்கமாட்டாள்" என்று வீட்டு ஆண்கள் அவசரமாக உடலை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதையும் அன்பால்தான் செய்கிறார்கள், ஆனால் பார்க்காமல் போனதை வருடக்கணக்காகச் சொல்லி அழுத தாய்மாரை நான் அறிவேன். பிள்ளையைச் சுற்றிய துணியை, கையில் கட்டிய இலக்கப்பட்டியை, ஒரு கால் அச்சை எடுத்து வைக்கலாமா என்று கேளுங்கள். படம் எடுப்பதற்குத் தாயின் சம்மதமும் வாட்டின் அனுமதியும் வேண்டும். பதிவு, உடலைக் கையளிப்பது பற்றிய கேள்விகளை வாட்டை விட்டுப் போகமுன் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் வழக்கத்தில் சின்னப் பிள்ளையைப் புதைப்பார்கள், பெரிய கிரியை இராது. தாய் அந்த இடத்துக்குப் போகமாட்டாள். அதனால் போகிறவர்களில் ஒருவரிடம், எந்த இடம், எந்த மரத்துக்குக் கிட்ட என்று கேட்டு வையுங்கள். ஒருநாள் அவள் கேட்பாள். ஆறு மாதம் கழித்தும் கேட்பாள், ஐந்து வருடம் கழித்தும் கேட்பாள்.

ஒருவரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று பால். பிந்திய மாதங்களில் பிள்ளை போனால் இரண்டு மூன்று நாளில் பால் சுரக்கும். குடிக்கப் பிள்ளை இல்லாமல் சட்டை நனைகிறபோது சில பெண்கள் உடைந்துபோகிறார்கள். முன்பே மெதுவாகச் சொல்லி வையுங்கள். குளிர்ந்த துணி வைக்கலாம். இறுக்கிக் கட்டாமல் தாங்குகிற உள்சட்டை போடலாம். தாங்க முடியாவிட்டால் நோவு குறைகிற அளவுக்கு மட்டும் பீய்ச்சலாம். மல்லிகைப்பூ வைத்துக் கட்டுகிற பழக்கம் சில வீடுகளில் உண்டு, செய்யட்டும். பாலை நிறுத்த மருந்தும் உண்டு, வைத்தியரிடம் கேட்கலாம். மார்பு சிவந்து காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரி.

தகப்பனை மறக்காதீர்கள். அவர் வாசலில் நின்று கடன்காரருக்கும் சொந்தக்காரருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். அம்மம்மாவையும் பாருங்கள். 2017 மாசியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி அமர்ந்த தாய்மாரைப் போல, பல வீடுகளில் அம்மம்மாவும் பிள்ளையைத் தொலைத்தவர். பேரப்பிள்ளையும் போகும்போது பழைய படமும் கீழே இறங்கி வரும். இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து அழுவார். எந்தப் பிள்ளைக்கு அழுகிறீர்கள் என்று கேட்கத் தேவையில்லை.

வீட்டுக்கு வந்தபின் நீங்களும் குளியுங்கள், சாப்பிடுங்கள், பெயர் சொல்லாமல் நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள். ஒரு இழப்புக்கு அடுத்த நாளே வேறு பிரசவத்துக்கு நான் போவதில்லை. அதற்காகத்தான் எங்கள் பக்கத்தில் நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்கிறோம். நீங்களும் தனியாகத் தொடங்காதீர்கள்.

கொப்பியில் இரண்டு தேதி எழுதி வையுங்கள். பிள்ளை போன நாள் ஒன்று. பிறந்திருக்க வேண்டிய நாள் மற்றது. முதலாவதை வீட்டார் நினைவில் வைத்திருப்பார்கள். இரண்டாவதைத் தாய் மட்டும்தான் நினைத்துக்கொண்டிருப்பாள், அன்றைக்குப் போங்கள். போன வருடம் அப்படி ஒரு நாளில் விசுவமடுப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்க் கிளினிக் அட்டையை எடுத்து வந்தாள். பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்தாள். ஒவ்வொரு மாதத்து நிறையையும், பிள்ளையின் துடிப்பென்று எழுதியிருந்ததையும் இருவரும் விரல் வைத்து வாசித்தோம். 28ஆம் கிழமையோடு எழுத்து நிற்கிறது. அட்டையைத் திரும்பச் சுற்றி வைத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றினாள். குடித்துவிட்டு நாலு மணி பஸ்ஸுக்கு வெளிக்கிட்டேன்.